ஒரே கால்பேக் அட்டவணை, நாலு பிராசஸரில் நாலு விதமான எண்: ஜிடிபி எதை நம்பி எதைக் காட்டுகிறது?

#1 · கேள்விப்பெட்டி

சி மொழியில் எழுதிய ஒரு கட்டளை அட்டவணை. மூன்று ஃபங்ஷன் பாயிண்டர்கள் (எந்த ஃபங்ஷனை அழைப்பது என்று குறிக்கும் மதிப்புகள்): தொடங்கு, நிறுத்து, நிலை. மூல நிரலை ஒரு வரிகூட மாற்றாமல் நாலு இடத்தில் கம்பைல் செய்து, ஜிடிபி என்ற டீபக்கரில் (ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி) முதல் உறுப்பை அச்சிட்டால் கிடைப்பது கீழே. எல்லா முகவரியும் பதினாறடிமானம். 0எக்ஸ் முன்னொட்டை விட்டுவிட்டேன், இந்த இழை முழுக்க அப்படியே வைத்துக்கொள்வோம்.

கார்டெக்ஸ்-எம்4 (ஆர்ம்): 08000135 <தொடங்கு>
பவர்பிசி 64, பிக் எண்டியன் (மேல் பைட் முதலில்): @10010240: 10000670 <தொடங்கு>
ஏடிமெகா2560 (ஏவிஆர்): 280 <தொடங்கு>, ஆனால் அந்த மாறி இருக்கும் நினைவகத்தைப் பார்த்தால் 0140
எக்ஸ்86-64: 401130 <தொடங்கு>

என் சந்தேகங்கள்:

அ) கார்டெக்ஸில் ஆப்ஜ்டம்ப் (பைனரியைப் பிரித்துக் காட்டும் கருவி) 08000134 என்கிறது. கூடுதலாக வரும் அந்த 1 எங்கிருந்து வந்தது?
ஆ) பவர்பிசியில் அந்த @ என்ன?
இ) பவர்பிசியில் `பிரேக் *10010240` கொடுத்தேன். ஜிடிபி மறுக்கவில்லை. நிரலை ஓடவிட்டால் செக்மென்டேஷன் ஃபால்ட். பிரேக்பாயிண்ட் வைக்காவிட்டால் ஒழுங்காக ஓடுகிறது.
ஈ) அட்டவணையை வாசித்துப் பெயர்களாக மாற்றும் பைத்தான் ஸ்கிரிப்ட் எக்ஸ்86-ல் மட்டும்தான் சரியாக வருகிறது. பாயிண்டரை முழு எண்ணாக மாற்றி, குறியீட்டு அட்டவணையில் அதே எண்ணைத் தேடுகிறது, அவ்வளவுதான்.

---

#2 · அடுக்குச்சட்டம்

நாலுக்கும் வேர் ஒன்றுதான். ஃபங்ஷன் பாயிண்டரில் இருப்பது முதல் ஆணையின் முகவரி என்று சி மொழித் தரம் எங்கும் சொல்லவில்லை. அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை அந்தந்த பிராசஸரின் ஏபிஐ (ஃபங்ஷன் அழைப்பு, ரெஜிஸ்டர் பயன்பாடு பற்றிய விதிமுறை) முடிவு செய்கிறது. எக்ஸ்86 பழகிய கைக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவது தற்செயல்.

ஜிடிபிக்குள் இதற்காகக் கட்டமைப்பு வாரியாகத் தனித்தனி மாற்றிகள் இருக்கின்றன. இந்த இழைக்கு மூன்று போதும். பாயிண்டரின் பைட்டுகளை ஜிடிபியின் உள்முகவரியாக மாற்றுவது ஒன்று, ஏவிஆர் இதில் சிக்குகிறது. முகவரியோடு ஒட்டியிருக்கும் முகவரி அல்லாத பிட்டுகளை உதறுவது இரண்டாவது, ஆர்ம் இதில். டிஸ்கிரிப்டர் முகவரியிலிருந்து உண்மையான நுழைவு முகவரியை எடுப்பது மூன்றாவது, பவர்பிசி இதில். உங்கள் ஸ்கிரிப்ட் மூன்றையும் தாண்டிப் போய் வெறும் எண்ணை எடுக்கிறது. அதனால்தான் (ஈ).

(ஆ)-வுக்கு வருகிறேன். பவர்பிசி 64-ன் பழைய ஏபிஐயில், அதாவது ஈஎல்எஃப்வி1-ல், ஃபங்ஷன் பாயிண்டர் காட்டுவது ஒரு டிஸ்கிரிப்டரை. அது `.ஓபிடி` என்ற பிரிவில் இருக்கும் 24 பைட் தரவு:

முதல் 8 பைட்: ஃபங்ஷனின் நுழைவு முகவரி
அடுத்த 8 பைட்: டாக் (குளோபல் மாறிகளின் முகவரிப் பட்டியல்) அடித்தளம், அழைக்கும்போது ஆர்2 ரெஜிஸ்டருக்குப் போவது
கடைசி 8 பைட்: சூழல் பாயிண்டர், ஆர்11-க்கு. சி நிரல்கள் இதைப் பயன்படுத்துவதில்லை

ஏன் இந்தச் சுற்றுவழி? ஒவ்வொரு பகிர்வு நூலகத்துக்கும் தனி டாக் உண்டு. குளோபல் மாறிகளை ஆர்2 வழியாகத்தான் எட்டுகிறது. அடுத்த நூலகத்தின் ஃபங்ஷனைப் பாயிண்டர் வழி அழைக்கும்போது, எங்கே போவது என்பதோடு எந்த ஆர்2-ஓடு போவது என்பதும் தெரிய வேண்டும். ஒரு எண்ணுக்குள் இரண்டையும் அடக்க முடியாது. அதனால் இரண்டையும் ஒரு இடத்தில் வைத்து, அந்த இடத்தின் முகவரியைப் பாயிண்டராகக் கொடுக்கிறார்கள்.

ஜிடிபி @-க்குப் பின் காட்டுவது டிஸ்கிரிப்டரின் முகவரி, முக்காற்புள்ளிக்குப் பின் காட்டுவது அதிலிருந்து எடுத்த நுழைவு முகவரி. இரண்டும் வேறாக இருந்தால்தான் @ வரும். உங்கள் கண்ணுக்கே `எக்ஸ்/3எக்ஸ்ஜி 10010240` கொடுத்துப் பாருங்கள், மூன்று எண்களில் முதலாவது 10000670 ஆக இருக்கும்.

---

#3 · நிறுத்தப்புள்ளி

(இ) எனக்குப் பிடித்த ரகம்.

மென்பொருள் பிரேக்பாயிண்ட் என்பது அந்த முகவரியில் இருக்கும் ஆணையை எடுத்து வைத்துவிட்டு அங்கே டிராப் ஆணையை எழுதுவது. பவர்பிசியில் அது 4 பைட்: 7எஃப்ஈ00008. நீங்கள் வெறும் எண்ணாகக் கொடுத்ததால் ஜிடிபி அதை ஃபங்ஷன் பாயிண்டராக நினைக்கவில்லை, கொடுத்த முகவரியிலேயே எழுதிவிட்டது. எழுதிய இடம் டிஸ்கிரிப்டரின் முதல் 4 பைட். பிக் எண்டியன் என்பதால் அது நுழைவு முகவரியின் மேல்பாதி. முன்பு சுழியாக இருந்த மேல்பாதியில் இப்போது டிராப் ஆணையின் குறியீடு. பாயிண்டர் வழி அழைப்பு அந்த 8 பைட்டையும் வாசித்து, 7எஃப்ஈ00008 என்று தொடங்கி 10000670 என்று முடியும் ஓர் இல்லாத முகவரிக்குத் தாவுகிறது. விழுகிறது.

விழுந்த இடத்தின் பிசி (ஓடவேண்டிய ஆணையின் முகவரி) இந்த எண்ணோடு தொடங்கினால் வேறெதையும் தேட வேண்டாம்.

இதில் ஆளைக் குழப்புவது என்னவென்றால், அதே ஃபங்ஷனை நேரடியாகப் பெயரால் அழைக்கும் இடங்கள் எல்லாம் நன்றாகவே ஓடும். அவை `.ஓபிடி`யைத் தொடுவதே இல்லை. பாயிண்டர் வழி அழைப்பு மட்டும் விழும். "ஃபங்ஷன் சரி, அட்டவணைதான் கெட்டுவிட்டது" என்று தோன்றும். கெடுத்தது டீபக்கர்.

சரியான வழி: `பிரேக் தொடங்கு` என்று பெயரால் வையுங்கள். பெயர் தெரியாமல் பாயிண்டர் மட்டும் கையில் இருந்தால், @-க்கு அடுத்து முக்காற்புள்ளிக்குப் பின் வரும் எண்ணை எடுத்து `பிரேக் *10000670`. ஒரு முகவரி எந்தப் பிரிவில் விழுகிறது என்று சந்தேகம் வந்தால் `இன்ஃபோ ஃபைல்ஸ்`. பிரிவுகளின் தொடக்கமும் முடிவும் பட்டியலாக வரும். `.ஓபிடி` எல்லைக்குள் இருந்தால் அங்கே பிரேக்பாயிண்ட் வைக்கக் கூடாது.

---

#4 · ஒற்றைப்பிட்

(அ)-வுக்கு நான்.

ஆர்மில் இரண்டு ஆணைத்தொகுதிகள்: 4 பைட் ஆணைகள் கொண்ட ஆர்ம், 2 பைட்டும் 4 பைட்டும் கலந்த தம்ப். ஆணைகளின் முகவரி எப்போதும் இரட்டைப்படை. அதனால் பிட் 0 சும்மா கிடக்கிறது. அதில் 1 இருந்தால் "தம்ப் நிலையில் நுழை" என்று பொருள். பிஎக்ஸ் (தாவல்), பிஎல்எக்ஸ் (அழைப்பு) ஆணைகள் அந்த பிட்டை நிலைப் பதிவேட்டின் டி பிட்டுக்கு அனுப்பிவிட்டு, மீதியை முகவரியாக எடுத்துக்கொள்கின்றன.

கார்டெக்ஸ்-எம் தம்பை மட்டுமே ஓட்டும். அப்படியானால் இந்த பிட் எதற்கு என்று கேட்கலாம். தேவைதான். பிட் 0 சுழியாக இருக்கும் பாயிண்டரை பிஎல்எக்ஸ்-க்குக் கொடுத்தால் டி பிட் சுழியாகிவிடும். இல்லாத ஆர்ம் நிலைக்குப் போகச் சொன்னதாக எடுத்துக்கொண்டு யூசேஜ் ஃபால்ட் கொடுக்கும். இன்டரப்ட் வெக்டர் அட்டவணையின் உள்ளீடுகளும் இதே காரணத்தால்தான் ஒற்றைப்படை. அட்டவணையின் முதல் சொல் மட்டும் விலக்கு, அது ஸ்டாக் பாயிண்டரின் தொடக்க மதிப்பு.

இந்தத் தவறை அடையாளம் காண்பது எளிது. எம்3, எம்4-ல் ஃபால்ட்டின் காரணம் பதிவாகும் சிஎஃப்எஸ்ஆர் பதிவேட்டின் பிட் 17 (தசமக் கணக்கில் பதினேழு) 1 ஆக இருந்தால் இன்வ்ஸ்டேட் (செல்லாத நிலை) பிழை. யூசேஜ் ஃபால்ட்டைத் தனியாக இயக்கி வைக்காவிட்டால் அது ஹார்ட் ஃபால்ட்டாக உயர்ந்து வரும், ஆனால் பிட் 17 அப்படியே இருக்கும். எம்0-வில் இந்தப் பதிவேடே கிடையாது, நேராக ஹார்ட் ஃபால்ட்தான். ஸ்டாக்கில் தள்ளப்பட்ட எட்டுச் சொற்களில் ஆறாவது எல்ஆர் (திரும்பும் முகவரி), ஏழாவது பிசி. பிசி ஒரு ஃபங்ஷனின் முதல் ஆணையில் நிற்கும், அந்த ஆணை ஓடியிருக்காது. யார் அழைத்தார்கள் என்பது எல்ஆரில்.

இரட்டைப்படைப் பாயிண்டர் எப்படிப் பிறக்கிறது? பெரும்பாலும் அசெம்பிளியில் எழுதிய ஃபங்ஷனுக்கு `.தம்ப்_ஃபங்க்` போட மறந்ததால். லிங்கர் அதை ஃபங்ஷன் என்று அறியாமல் வெறும் லேபிளாக எண்ணி, பிட் 0-ஐச் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. அடுத்தது, பூட்லோடரில் முகவரியைக் கையால் எண்ணாக எழுதித் தாவுவது.

இனி டீபக்கர் பக்கம். ஈஎல்எஃப் (பைனரிக் கோப்பு வடிவம்) குறியீட்டு அட்டவணையிலும் தம்ப் ஃபங்ஷனின் மதிப்பு ஒற்றைப்படையாகவே பதிவாகிறது. ஜிடிபி உள்வாங்கும்போது அந்த பிட்டை உதறிவிட்டு, "இது தம்ப்" என்று தனியாகக் குறித்துக்கொள்கிறது. பாயிண்டரை அச்சிடும்போது எண்ணை அப்படியே ஒற்றைப்படையாகக் காட்டும், பெயர் தேடும்போது மட்டும் பிட்டை உதறும். அதனால்தான் 08000135-க்குப் பக்கத்தில் `தொடங்கு+1` என்று வராமல் `தொடங்கு` என்று வருகிறது.

`எக்ஸ்/8எக்ஸ்பி` கொடுத்து ஆணைகளின் பைட்டுகளைப் பார்க்கும்போது இந்த உபகாரம் கிடைக்காது. 08000135-லிருந்து வாசிக்கும், ஒரு பைட் நகர்ந்த குப்பை வரும். ஃபிளாஷில் இருப்பதை `.பின்` கோப்போடு ஒப்பிடும்போது "ஃபிளாஷ் சரியாக எழுதப்படவில்லை" என்று முடிவு கட்டுவதற்கு முன் கடைசி இலக்கத்தைப் பாருங்கள்.

---

#5 · கேள்விப்பெட்டி

(அ), (ஆ), (இ) தெளிவு. நன்றி.

பவர்பிசியில் இன்னொரு பக்கம்: லிட்டில் எண்டியன் பில்டில் @ வரவே இல்லை, நேராக 10000740 <தொடங்கு>. சரி, இங்கே டிஸ்கிரிப்டர் இல்லை என்று நினைத்து `பிரேக் *10000740` வைத்தேன். அட்டவணை வழியாக அழைத்தால் நிற்கிறது. அதே கோப்பில் இருக்கும் வேறு ஃபங்ஷன் நேரடியாக அழைத்தால் நிற்காமல் ஓடிவிடுகிறது. இன்லைன் ஆகவில்லை, பிஎல் (அழைப்பு) ஆணை கண்ணுக்குத் தெரிகிறது.

---

#6 · அடுக்குச்சட்டம்

அது ஈஎல்எஃப்வி2. டிஸ்கிரிப்டரை ஒழித்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு ஃபங்ஷனுக்கு இரண்டு வாசல் வைத்தார்கள்.

வெளியிலிருந்தோ பாயிண்டர் வழியாகவோ வருபவர்கள் குளோபல் வாசலில் நுழைவார்கள். வரும்போது ஆர்12-ல் அந்த ஃபங்ஷனின் முகவரி இருந்தாக வேண்டும். முதல் இரண்டு ஆணைகள் (ஆடிஸ், ஆடி) அந்த ஆர்12-லிருந்து ஆர்2-ஐக் கணக்கிட்டுக்கொள்கின்றன. ஒரே மாட்யூலுக்குள் இருப்பவர்களிடம் ஆர்2 ஏற்கனவே சரியாக இருக்கும். அவர்கள் அந்த இரண்டு ஆணைகளையும் தாண்டி, 8 பைட் தள்ளி இருக்கும் லோக்கல் வாசலில் நுழைவார்கள். உங்கள் நேரடி அழைப்பு போவது 10000748-க்கு. 10000740-ல் வைத்த பிரேக்பாயிண்டை அது மிதிக்கவே இல்லை.

இரண்டு வாசலுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது குறியீட்டு அட்டவணையின் எஸ்டி_அதர் புலத்தின் மேல் மூன்று பிட்டுகளில் பதிவாகியிருக்கிறது. ஜிடிபி அதைப் படித்து, `பிரேக் தொடங்கு` என்று பெயரால் கேட்டால் லோக்கல் வாசலுக்குப் பிறகுதான் வைக்கும். இரு வழியாக வந்தாலும் நிற்கும். நட்சத்திரம் போட்டு முகவரி கொடுத்தால் "இவருக்குத் தெரிந்துதான் சொல்கிறார்" என்று விட்டுவிடும்.

ஒரு எச்சரிக்கை. லிட்டில் எண்டியன் என்றால் வி2, பிக் எண்டியன் என்றால் வி1 என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். பிக் எண்டியனிலும் வி2 உண்டு, மசல் சி நூலகம் 64 பிட் பவர்பிசியில் வி2-ஐ மட்டுமே ஏற்கும். ரீட்எல்ஃப் கருவி காட்டும் தலைப்பில் கொடிகளின் கடைசி இரண்டு பிட்டைப் பாருங்கள்: 1 என்றால் வி1, 2 என்றால் வி2.

---

#7 · ஃபிளாஷ்புழு

ஏவிஆரை எல்லாரும் மறந்துவிட்டீர்கள்.

ஏவிஆரில் நிரல் நினைவகம் தனி, தரவு நினைவகம் தனி. இரண்டுக்கும் முகவரி சுழியிலிருந்தே தொடங்குகிறது. நிரல் நினைவகம் 2 பைட் சொற்களாக எண்ணப்படுகிறது. ஃபங்ஷன் பாயிண்டரில் இருப்பது சொல் எண்: 0140. ஆப்ஜ்டம்பும் ஜிடிபியும் பைட் முகவரியில் பேசுகின்றன: 280. ஜிடிபி பாயிண்டரை வாசிக்கும்போது இரண்டால் பெருக்கும், எழுதும்போது இரண்டால் வகுக்கும். நீங்கள் பார்த்த முரண் இதுதான், பிழை எதுவும் இல்லை.

இரண்டு நினைவகமும் ஒரே எண்வரிசையில் மோதாமல் இருக்க, தரவு முகவரிகளுக்கு ஜிடிபி 800000-ஐக் கூட்டிக்கொள்கிறது. ஒரு பாயிண்டர் எந்தப் பக்கம் என்பதை அதன் டைப்பை வைத்துத்தான் முடிவு செய்கிறது. எனவே ஃபங்ஷன் பாயிண்டரை வாய்டு பாயிண்டரில் போட்டு வைத்திருந்தால் ஜிடிபி அதைத் தரவாக எண்ணும்: பெருக்காது, 800000-ஐக் கூட்டும், 800140 என்று காட்டும், எண் ரேம் எல்லைக்குள் விழுந்தால் அங்கே இருக்கும் ஏதோ ஒரு மாறியின் பெயரையும் பக்கத்தில் போடக்கூடும். பார்க்க நம்பும்படியாக இருக்கும் தவறான விடை இது, அதுதான் ஆபத்து. சரியான ஃபங்ஷன் டைப்புக்கு காஸ்ட் செய்த பிறகே அச்சிடுங்கள்.

உங்களுடையது 2560 என்பதால் இன்னொன்றும் சேரும். ஃபிளாஷ் 256 கேபி. 16 பிட் சொல் எண்ணால் எட்ட முடிவது 128 கேபி. அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஃபங்ஷனின் முகவரியைக் கேட்டால், லிங்கர் கீழ்ப் பாதியில் ஒரு ஜம்ப் ஆணையை (4 பைட்) வைத்து அதன் முகவரியைக் கொடுக்கும். இந்தத் துண்டுகள் `.டிராம்போலின்ஸ்` பிரிவில் குவிந்திருக்கும். அப்போது ஜிடிபி உங்கள் ஃபங்ஷன் பெயரைக் காட்டாது, டிராம்போலின் தொடக்கக் குறியீட்டோடு ஏதோ ஒரு கூட்டல் எண்ணைக் காட்டும். `எக்ஸ்/ஐ` கொடுத்து அந்த ஜம்ப் எங்கே போகிறது என்று வாசித்தால் உண்மையான முகவரி கிடைக்கும். நிரல் சிறியதாக இருந்தவரை சரியாக இருந்த பெயர்கள், ஃபிளாஷ் பாதிக்கு மேல் நிரம்பியதும் திடீரென மாறினால் காரணம் இதுவே. ஈஐஎன்டி பதிவேட்டையும் (முகவரியின் மேல் பிட்டுகள்) பாருங்கள், அது சுழியாக இருந்தால்தான் ஈஐகால் ஆணை கீழ்ப் பாதிக்கு வரும்.

---

#8 · கேள்விப்பெட்டி

அப்படியானால் ஸ்கிரிப்டில் இப்படி எழுதினால் போதுமா: ஆர்ம் என்றால் பிட் 0-ஐ உதறு, பவர்பிசி வி1 என்றால் 8 பைட் வாசி, ஏவிஆர் என்றால் இரண்டால் பெருக்கு. மற்றதற்கு எப்படியும் பிட் 0-ஐ உதறிவிட்டால் தீங்கில்லைதானே?

---

#9 · ஒற்றைப்பிட்

"எப்படியும் உதறு" வேண்டாம்.

32 பிட் பிஏ-ரிஸ்க்கில் பேசுவது பிட் 1, அதாவது 2-இன் மதிப்புள்ள பிட். அது 1 ஆக இருந்தால் அந்த எண் டிஸ்கிரிப்டரைக் காட்டுகிறது. கடைசி இரண்டு பிட்டையும் உதறி, அங்கே போய் நுழைவு முகவரியை வாசிக்க வேண்டும். சுழியாக இருந்தால் அதுவே நிரல் முகவரி. ஒரே நிரலில் இரண்டு வகையும் கலந்து வரலாம். இட்டானியத்தில் எல்லாமே டிஸ்கிரிப்டர்தான், 16 பைட்: நுழைவு முகவரி, ஜிபி (குளோபல் பாயிண்டர்). எம்எம்யூ (நினைவக மேலாண்மை அலகு) இல்லாத ஆர்மின் எஃப்டிபிக் ஏபிஐயில் 8 பைட் டிஸ்கிரிப்டர், அதற்குள் இருக்கும் நுழைவு முகவரியில் தம்ப் பிட்டும் உண்டு. அங்கே முதலில் வாசிக்க வேண்டும், பிறகு உதற வேண்டும். வரிசை மாறினால் கதை முடிந்தது.

எம்ஐபிஎஸ்16, மைக்ரோஎம்ஐபிஎஸ் இரண்டும் தம்ப் மாதிரியே பிட் 0-ஐப் பயன்படுத்துகின்றன. ரிஸ்க்-வி நேர்மாறு: நிலை பிட் எதுவும் இல்லை, ஜால்ஆர் ஆணை கணக்கிட்ட முகவரியின் பிட் 0-ஐத் தானே சுழியாக்கிவிடும். ஒற்றைப்படைப் பாயிண்டர் அங்கே எந்த ஃபால்ட்டும் இல்லாமல் ஓடும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் யாரோ நினைவகத்தைக் கெடுத்திருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் தடயம். உதறினால் தடயமும் போய்விடும்.

சி++ உறுப்பு ஃபங்ஷன் பாயிண்டர் அட்டவணையில் வந்தால் இன்னும் மோசம். அது இரண்டு சொல்: பிடிஆர், அட்ஜ். எக்ஸ்86-64-ல் பிடிஆரின் பிட் 0 ஒன்றாக இருந்தால் அது வெர்ச்சுவல், மீதி வீடேபிளுக்குள் (வெர்ச்சுவல் ஃபங்ஷன் அட்டவணை) பைட் தூரம். தசமக் கணக்கில் 17 என்று இருந்தால் தூரம் 16, சுழியிலிருந்து எண்ணினால் 2-ஆம் இடம். ஆர்மில் பிட் 0 தம்புக்குப் போய்விட்டதால் வெர்ச்சுவல் குறி அட்ஜின் கடைசி பிட்டுக்கு மாறியது, அதனால் அட்ஜ் இரண்டால் பெருக்கி வைக்கப்பட்டிருக்கும். ஏஆர்ச்64-ம் இதே வழக்கு. ஜிடிபிக்கு இந்த வேறுபாடு தெரியும். உங்கள் ஸ்கிரிப்டுக்குத் தெரியாது.

---

#10 · மூலக்குறி

எக்ஸ்86 மட்டும் யோக்கியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிஐஈ (எந்த முகவரியிலும் ஏற்றத்தக்க பில்டு) இல்லாத நிரலில் நூலக ஃபங்ஷனின் முகவரியை எடுத்தால், அது நிரலுக்குள்ளேயே இருக்கும் பிஎல்டி துண்டின் (நூலக ஃபங்ஷனுக்குத் தாவும் இடைநிரல்) முகவரியாக வரலாம். ஜிடிபி `க்யூசார்ட்@பிஎல்டி` என்று காட்டும். பாயிண்டர் சமன்பாடு கெடாமல் இருக்க நூலகமும் அதே துண்டின் முகவரியையே பயன்படுத்தும், எனவே ஓட்டத்தில் பிரச்சினை இல்லை. உங்கள் ஸ்கிரிப்டில் பெயர்தான் பொருந்தாது. மெம்காப்பி போன்றவை ஐஃபங்க். பிராசஸரைப் பார்த்து ஏற்றும் நேரத்தில் தேர்வாகும். பாயிண்டரில் இருக்கும் பெயர் நீங்கள் எழுதிய பெயராக இருக்காது. விண்டோஸில் இன்கிரிமென்டல் லிங்க் செய்த டீபக் பில்டில் 5 பைட் ஜம்ப் துண்டின் முகவரி வரும், `@ஐஎல்டி` என்று தொடங்கும் பெயரோடு.

வெப்அசெம்பிளியில் ஃபங்ஷன் பாயிண்டர் வெறும் அட்டவணை எண். 3 என்று இருந்தால் சுழியிலிருந்து எண்ணி மூன்றாம் இடம், முகவரி என்ற பேச்சே இல்லை.

---

#11 · நிறுத்தப்புள்ளி

வாசிப்பதைப் பற்றியே பேசுகிறோம். டீபக்கரிலிருந்து ஃபங்ஷனை அழைப்பதும், அதற்குள் தாவுவதும் வேறு விஷயம். அங்கே முகவரி சரியாக இருந்தாலும் போதாது.

`பிரிண்ட் அட்டவணை[0](3)` என்று அழைத்தால் ஜிடிபி சூழலையும் தயார் செய்கிறது. பவர்பிசி வி1-ல் டிஸ்கிரிப்டரிலிருந்து டாக் மதிப்பை எடுத்து ஆர்2-ல் வைக்கிறது. வி2-ல் முகவரியை ஆர்12-ல் வைக்கிறது. எம்ஐபிஎஸ்ஸில் டி9-ல் வைக்கிறது, ஏனென்றால் பிஐசி (முகவரி சாராத) நிரலின் தொடக்க ஆணைகள் ஜிபியை டி9-லிருந்துதான் கணக்கிடுகின்றன. இட்டானியத்தில், வாதமாகக் கொடுக்கும் ஃபங்ஷனுக்குப் பொருந்தும் டிஸ்கிரிப்டர் கிடைக்காவிட்டால் ஸ்டாக்கில் ஒன்றைத் தானே கட்டிக்கொள்கிறது.

`செட் $பிசி = ...` இவற்றில் எதையும் செய்யாது. `ஜம்ப்` பிசியை மட்டும் ஒழுங்காக எழுதும், ஆர்மில் டி பிட்டையும் சேர்த்து மாற்றும், ஆனால் ஆர்2, ஆர்12, டி9 எதையும் தொடாது. எம்ஐபிஎஸ்ஸில் இப்படித் தாவினால் முதல் சில ஆணைகள் ஒழுங்காக ஓடும், முதல் குளோபல் மாறியைத் தொடும்போது விழும். விழும் இடம் தவறு நடந்த இடத்திலிருந்து தள்ளி இருப்பதால் ஃபங்ஷனுக்குள்ளேயே பிழை என்று தோன்றும். தாவத்தான் வேண்டுமென்றால் `செட் $டி9` முதலில், தாவல் பிறகு. பவர்பிசி வி2-ல் குளோபல் வாசலுக்குத் தாவுவதென்றால் `செட் $ஆர்12`.

கார்டெக்ஸ்-ஏ வகையில் `செட் $பிசி`-க்கு இன்னொரு குழி: டி பிட் பழையபடியே இருக்கும். ஆர்ம் நிலையில் நின்றுகொண்டு தம்ப் ஃபங்ஷனுக்கு பிசியை மாற்றினால், இரண்டு தம்ப் ஆணைகளைச் சேர்த்து ஒரு ஆர்ம் ஆணையாக ஓட்டப் பார்க்கும். சிபிஎஸ்ஆர் என்ற நிலைப் பதிவேட்டில் பிட் 5-ஐ நீங்களே மாற்ற வேண்டும். அதைவிட `ஜம்ப்` கொடுப்பது நிம்மதி.

இதே குழப்பம் ஸ்ட்ரிப் செய்த (குறியீடுகளை நீக்கிய) பைனரியிலும் வரும். ஒரு முகவரி ஆர்மா தம்பா என்பதை ஜிடிபி முதலில் பிட் 0-ஐ வைத்தும், பிறகு $ஏ, $டி என்ற மேப்பிங் குறியீடுகளை வைத்தும் முடிவு செய்கிறது. ஸ்ட்ரிப் செய்தால் குறியீடுகள் போய்விடும், இரட்டைப்படை முகவரி கொடுத்தால் அப்போதைய டி பிட்டை நம்பும். தம்ப் நிரலில் 4 பைட் ஆர்ம் பிரேக்பாயிண்டை எழுதினால் அடுத்த ஆணையும் சேர்ந்து கெடும். `செட் ஆர்ம் ஃபால்பேக்-மோட் தம்ப்` கொடுத்துவிட்டு பிரேக்பாயிண்ட் வையுங்கள்.

---

#12 · பதிவேட்டுப்பூனை

புதிய 64 பிட் ஆர்மையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாயிண்டர் அங்கீகாரம் இருக்கும் பிராசஸரில் முகவரியின் மேல் பிட்டுகளில் கையொப்பம் உட்கார்ந்திருக்கும். லினக்ஸில் பொதுவாகத் திரும்பும் முகவரிகளுக்கு மட்டும் கையொப்பம், ஃபங்ஷன் பாயிண்டர் வெறுமனே இருக்கும். ஜிடிபி பேக்ட்ரேஸில் அப்படி உரித்து எடுத்த ஸ்டாக் ஃபிரேமுக்குப் பக்கத்தில் [பிஏசி] என்று போடும். ஆப்பிளின் ஆர்ம்64ஈ-யில் சி ஃபங்ஷன் பாயிண்டருக்கும் கையொப்பம் உண்டு. எல்எல்டிபி டீபக்கர் மூல எண்ணையும் உரித்த முகவரியையும் சேர்த்தே காட்டும்.

வாசிப்பதற்கு மேல் பிட்டுகளை உதறினால் போதும். எழுதுவதுதான் சிக்கல்: டீபக்கரிலிருந்து அட்டவணையில் வெறும் முகவரியை எழுதி வைத்தால் கையொப்பம் இருக்காது, அடுத்த அழைப்பிலேயே ஃபால்ட். கையொப்பமிட்ட வேறொரு பாயிண்டரின் மதிப்பை அப்படியே நகலெடுத்தால் ஓடும், சாதாரண சி பாயிண்டருக்கு. இருக்கும் முகவரியையும் கலந்து கையொப்பமிடும் இடங்களில், உதாரணமாக வீடேபிள் உள்ளீடுகளில், நகலும் வேலைக்கு ஆகாது.

---

#13 · அடுக்குச்சட்டம்

ஸ்கிரிப்டுக்கு என் பரிந்துரை: கட்டமைப்பு வாரியாக நீங்களே கணக்குப் போட வேண்டாம். ஜிடிபியிடம் இருக்கும் அறிவை வாங்கிக்கொள்ளுங்கள்.

உறுப்பை முழு எண்ணாக மாற்றாதீர்கள். `ஜிடிபி.வேல்யூ` பொருளாக, ஃபங்ஷன் பாயிண்டர் டைப்போடு வைத்திருங்கள். அதன் `ஃபார்மாட்_ஸ்ட்ரிங்` முறையை அழைத்தால் `பிரிண்ட்` காட்டும் அதே வரி கிடைக்கும். கோணக்குறிகளுக்கு இடையில் இருப்பது பெயர். @ இருந்தால் அதற்கடுத்த எண் டிஸ்கிரிப்டர், முக்காற்புள்ளிக்குப் பின் நுழைவு முகவரி. பெயருக்குப் பின் கூட்டல் குறி வந்தால் எச்சரிக்கை அச்சிடுங்கள்: டிராம்போலின், கெட்டுப்போன பாயிண்டர், தவறான டைப், மூன்றில் ஒன்று.

இரண்டு பாயிண்டர்கள் ஒரே ஃபங்ஷனா என்று பார்க்க மட்டும் மூல மதிப்பை மூல மதிப்போடு ஒப்பிடுங்கள். நிரலும் அதைத்தான் செய்கிறது. டிஸ்கிரிப்டர் உள்ள ஏபிஐகளில் ஒரு ஃபங்ஷனுக்கு ஓர் அதிகாரபூர்வ டிஸ்கிரிப்டரே இருக்கும்படி லிங்கர்கள் பார்த்துக்கொள்கின்றன. நுழைவு முகவரி ஒன்றாகவும் டிஸ்கிரிப்டர் வேறாகவும் கண்டால் நிரலின் சமன்பாடு பொய்யாகும், அதைத் தனியாகக் குறித்துக் காட்டுங்கள்.

---

#14 · கேள்விப்பெட்டி

மாற்றிவிட்டேன், நாலிலும் பெயர்கள் வருகின்றன. பவர்பிசி கோர் கோப்பில் (நிரல் விழுந்த நேரத்து நினைவக நகல்) மட்டும் முதல் இரண்டு உறுப்புகளுக்கும் முற்றிலும் வேறு ஃபங்ஷன் பெயர்கள். ஓடும் நிரலில் சரியாக இருக்கிறது.

---

#15 · நிறுத்தப்புள்ளி

கோர் கோப்போடு ஏற்றிய பைனரி அதே பில்டா? பிஐஈ இல்லாத நிரலில் `.ஓபிடி` பக்கத்தில் யாரும் எழுதியிருக்காவிட்டால், கர்னல் அந்தப் பக்கத்தைக் கோரில் சேர்க்காமல் விட்டுவிடலாம். ஜிடிபி அதை பைனரியிலிருந்து நிரப்பிக்கொள்ளும். பாயிண்டர் கோரிலிருந்தும் டிஸ்கிரிப்டர் வேறு பில்டிலிருந்தும் வந்தால் இப்படித்தான் ஆகும். `ரீட்எல்ஃப் -என்` கொடுத்து பைனரியின் பில்டு ஐடியைப் பாருங்கள், கோர் பக்கத்தில் `ஈயு-அன்ஸ்ட்ரிப் -என் --கோர்` கொடுத்தால் அங்கே பதிவான ஐடி வரும்.

---

#16 · கேள்விப்பெட்டி

ஐடி வேறு. கோர் உருவான பிறகு மீண்டும் பில்டு ஆகியிருக்கிறது. பழைய பைனரியை ஏற்றியதும் மூன்று பெயரும் சரி.